முதல் 90 நாள்: பிள்ளைக்கு வழி பண்ணிட்டு ஊருக்கு வா

போன வாரம் சித்தி மகள் துபாயிலிருந்து கூப்பிட்டாள். ஏழாம் மாசம். தலைப்பிரசவம், அதனால் நம்ம வழக்கப்படி தாய்வீட்டுக்கு வருகிறாள். திருச்சிக்கு டிக்கெட் போட்டாயிற்று. "வேற என்னக்கா எடுத்துட்டு வரணும்?" என்று கேட்டாள்.

"பிள்ளைக்கு இன்சூரன்ஸ் என்ன பண்ணியிருக்க?" என்றேன்.

"அதான் அவர் கம்பெனியில கொடுத்திருக்காங்களேக்கா. எனக்கும் கார்டு இருக்கே."

பதினோரு வருஷத்துக்கு முன்னால் நானும் இதே பதிலைத்தான் சொன்னேன். அப்போது என் வீட்டுக்காரர் சிங்கப்பூரில். நான் புதுக்கோட்டை மாவட்டத்து அறந்தாங்கியில் அம்மா வீட்டில். அவருக்கு அங்கே கம்பெனி இன்சூரன்ஸ் இருந்தது. எனக்கு இங்கே ஒரு ஹெல்த் பாலிசி எடுத்து 14 மாசம் ஆகியிருந்தது. இரண்டு பக்கமும் பத்திரம் என்று நிம்மதியாகத்தான் இருந்தேன். பிள்ளை 35-வது வாரத்திலேயே பிறந்துவிட்டான். மூச்சு வேகமாக வாங்கியது. வேறு ஊருக்குத் தூக்கிக்கொண்டு ஓடி, ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பெட்டியில் வைத்தோம். ஒன்பது நாள். கண்ணைத் துணியால் கட்டி, நீல வெளிச்சத்துக்குக் கீழே படுக்க வைத்திருந்தார்கள். என் ஆள்காட்டி விரல் மொத்தம்கூட இல்லாத அந்தக் கையில் ஒரு பிளாஸ்டிக் பட்டை. அதில் அவன் பெயர் இல்லை. 'பேபி ஆஃப்' என்று போட்டு என் பெயர்.

இன்சூரன்ஸ் டெஸ்க்கில் இருந்த பெண் பொறுமையாகவே சொன்னாள். "அக்கா, பாலிசியில உங்க பேர் இருக்கு. பாப்பா பேர் இல்லை. பிரசவத்துக்கே 24 மாசம் வெயிட்டிங் போட்டிருக்காங்க, உங்களுக்கு 14 மாசம்தான் ஆகியிருக்கு. பிரசவம் கிளெய்ம் ஆகாதுன்னா பாப்பாவும் ஆகாது." சிங்கப்பூர் இன்சூரன்ஸ் அவர் ஒருவருக்கு மட்டும், அதுவும் அந்த மண்ணில் மட்டும். அம்மாவின் செயினும் என் வளையலும் அடகுக்குப் போயின. பிள்ளை நல்லபடியாக வீடு வந்தான். இப்போது ஐந்தாம் வகுப்பு படிக்கிறான். ஆனால் அந்த ஒன்பது நாளும் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே மனசுக்குள் பில்லைக் கூட்டிக்கொண்டிருந்தேன். எந்தத் தாய்க்கும் அது வரக்கூடாது. அதனால்தான் சித்தி மகளிடம் சொன்னதை உனக்கும் எழுதுகிறேன்.

ஓட்டை எங்கே இருக்கிறது

நம் நாட்டில் சாதாரணமாக எடுக்கும் குடும்ப பாலிசியில் குழந்தையைச் சேர்க்க, பெரும்பாலும் பிறந்து 90 நாள் முடிந்திருக்க வேண்டும். 91-வது நாள்தான் வாசல் திறக்கும். அதற்கு முன்னால் பிள்ளைக்குப் பாதுகாப்பு வேண்டுமானால், பாலிசியில் பிரசவச் செலவும் பச்சிளங்குழந்தைச் செலவும் சேர்ந்திருக்க வேண்டும். அந்தப் பிரசவ வசதிக்குக் காத்திருப்புக் காலம் உண்டு. சிலதில் ஒன்பது மாதம், நிறைய பாலிசிகளில் இரண்டு வருஷம், சிலதில் அதற்கும் மேலே. அது முடியாமல் பிள்ளை பிறந்தால் எனக்கு நடந்ததுதான் நடக்கும்.

குறைமாதம், மஞ்சள்காமாலை, மூச்சுத்திணறல், கிருமித்தொற்று எல்லாம் பெரும்பாலும் வருவதே அந்த முதல் சில வாரத்தில்தான். பிள்ளைக்குப் பணம் அதிகம் தேவைப்படக்கூடிய 90 நாளும், பாலிசி கை கொடுக்காத 90 நாளும் ஒன்றாகவே இருக்கின்றன. உள்ளூரிலேயே குடும்பம் நடத்துகிறவர்களுக்கும் இந்தக் கஷ்டம் உண்டு. ஆனால் வெளிநாட்டில் இருக்கும் உனக்கு இரட்டிப்பு. அந்த நாட்டுக் கார்டு பெரும்பாலும் இங்கே செல்லாது, இந்த நாட்டுப் பாலிசி இன்னும் தொடங்கியிருக்காது. நடுவில் பிள்ளை நிற்கும்.

ஆகவே முதலில் ஒரு காலண்டரை எடு. டாக்டர் சொன்ன தேதியைக் குறி. அதிலிருந்து 90 நாளை எண்ணு. ஒவ்வொரு வாரமும் பிள்ளை எந்த ஊரில் இருக்கும், அந்த வாரம் அதற்கு எந்தக் காகிதம் பேசும் என்று எழுது. எந்த வாரத்துக்கு நேரே வெற்றிடம் இருக்கிறதோ அதைத்தான் இப்போது அடைக்க வேண்டும்.

அங்கேயே பெற்றால்

துபாயில் பிரசவம் என்றால், பிறந்த நாளிலிருந்து 30 நாளைக்கு அம்மாவின் இன்சூரன்ஸே பிள்ளைக்கும் செல்லும். அந்த 30 நாளை ஓய்வுக்கென்று நினைத்துவிடாதே, ஓட வேண்டிய நாள் அதுதான். பிறப்புச் சான்று வாங்கி, இந்தியத் தூதரகத்தில் பதிந்து, பாஸ்போர்ட் எடுத்து, விசா அடித்து, கம்பெனி இன்சூரன்ஸில் பெயர் ஏற்ற வேண்டும். விசாவுக்கு 120 நாள் இருக்கிறதே என்று மெத்தனமாக இருந்தால் நடுவில் பிள்ளை கார்டு இல்லாமல் இருக்கும். கம்பெனியில் ஹெச்ஆரிடம் பிரசவத்துக்கு முன்னாலேயே ஒரு கேள்வியை ஈமெயிலில் கேட்கச் சொல்: "பிள்ளையைச் சேர்க்க எத்தனை நாளுக்குள், என்னென்ன பேப்பர் வேண்டும்?" பதில் எழுத்தில் இருக்கட்டும். குடும்பத்துக்கும் சேர்த்துக் கொடுக்கும் கம்பெனியா, ஆளுக்கு மட்டும் கொடுக்கும் கம்பெனியா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

சிங்கப்பூர் கதை வேறு. அங்கே குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மெடிஷீல்டு லைஃப் என்ற அரசுக் காப்பீடு உண்டு, குடியுரிமையோடு பிறக்கும் பிள்ளைக்குப் பிறப்பிலிருந்தே. பாஸில் இருக்கிறவர்களின் பிள்ளைக்கு அது கிடையாது, தனியாரில்தான் எடுக்க வேண்டும். ஒர்க் பெர்மிட், எஸ் பாஸ் ஆட்களுக்கு முதலாளி கட்டாயம் எடுக்கும் மருத்துவ இன்சூரன்ஸ் 2023 ஜூலையிலிருந்து வருஷத்துக்குக் குறைந்தது 60,000 வெள்ளி. நல்ல தொகைதான், ஆனால் அது அந்த ஆளுக்கு மட்டும். உன் வீட்டுக்காரர் "எனக்கு அறுபதாயிரம் வெள்ளிக்கு இருக்கு" என்று சொன்னால் சந்தோஷப்படு. பிள்ளையை அந்தக் கணக்கில் சேர்க்காதே.

அமெரிக்காவில் இருக்கும் தங்கச்சிகளுக்கு ஒரு வரி: வேலை வழி இன்சூரன்ஸில் பிள்ளையைச் சேர்க்க பிறந்த நாளிலிருந்து 30 நாள்தான் பொதுவாகக் கெடு. அதற்குள் சேர்த்தால் பிறந்த நாளிலிருந்தே கணக்கு.

எந்த நாட்டில் பெற்றாலும், பெற்றோர் இந்தியக் குடிமக்கள் என்றால் ஒரு வருஷத்துக்குள் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் பிறப்பைப் பதிய வேண்டும். வேறு நாட்டுப் பாஸ்போர்ட் பிள்ளைக்கு இல்லை என்று எழுதிக் கொடுக்கவும் வேண்டும். 2004 டிசம்பருக்குப் பிறகு பிறந்த எல்லாப் பிள்ளைக்கும் இதுதான் சட்டம். இதைத் தள்ளிப்போட்டுவிட்டு ஊருக்கு வந்து முழித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். குடியுரிமையே தொங்கலில் இருந்தால் பாஸ்போர்ட்டும் தொங்கும், அதற்குப் பின்னால் இன்சூரன்ஸும்.

இங்கே வந்து பெற்றால்

நம்மில் பெரும்பாலானோர் இதைத்தான் செய்கிறோம். அம்மா கைப்பக்குவம், காயம் உருட்டிக் கொடுக்க அம்மாச்சி, குளிப்பாட்ட ஊரில் ஒரு கைராசிக்காரி. வேறு எங்கே கிடைக்கும்? வா. ஆனால் வரும் முன்னே நான்கு காரியம்.

முதல் காரியம், உன் அந்த நாட்டுக் கார்டின் பின்பக்கத்தையும் பாலிசி புத்தகத்தையும் பார். 'எல்லை' என்று ஒரு பகுதி இருக்கும். சில கார்டுகளில் இந்தியாவும் உண்டு. ஆனால் அவசரத்துக்கு மட்டுமா, பிரசவத்துக்கும் உண்டா, கைக்காசு போட்டுவிட்டுப் பிறகு வாங்குவதா, இங்கே பிறக்கும் பிள்ளைக்கு என்ன என்று கேள். நான் சொன்ன 30 நாள் சலுகை அங்கே பெறும் பிள்ளைக்கு. அறந்தாங்கியில் பிறந்த பிள்ளைக்கும் அது தானாக வந்துவிடும் என்று எண்ணாதே.

இரண்டாவது, இந்தியாவில் உன் பெயரிலோ உன் வீட்டுக்காரர் பெயரிலோ வேலை வழியாகக் குரூப் பாலிசி இருக்கிறதா என்று பார். சென்னை, பெங்களூர் கம்பெனிகளில் வேலை பார்த்துக்கொண்டே வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருக்கும் பெண்கள் நிறைய. குரூப் பாலிசிகளில் பிரசவத்துக்குக் காத்திருப்பே இல்லாமல், பிள்ளைக்கு முதல் நாளிலிருந்தே தருவது வழக்கம். ஆனால் குறித்த நாளுக்குள் பிள்ளை பிறந்ததைத் தெரிவிக்க வேண்டும். விராலிமலைப் பக்கம் கம்பெனிகளில் வேலை செய்து, சம்பளம் மாதம் 21,000 ரூபாய்க்குள் இருந்து, இஎஸ்ஐ பிடிக்கிறார்கள் என்றால் அது பெரிய கொடுப்பினை. பிரசவமும் உண்டு, பிள்ளையும் உண்டு. தனியார் பாலிசியில் தேடி அலையும் பாதுகாப்பு உன் சம்பளச் சீட்டிலேயே இருக்கலாம். பல பெண்கள் அதைத் திறந்தே பார்ப்பதில்லை.

பிரசவத்துக்கென்று வேலையை விட்டுவிட்டு வருகிறவளுக்கு ஒரு எச்சரிக்கை. வேலையை விட்டால் குரூப் பாலிசியும் அன்றைக்கே விட்டுப்போகும். ராஜினாமாத் தேதியைப் பிரசவத் தேதியோடு வைத்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடு.

மூன்றாவது, தனிப் பாலிசி. இன்னும் கல்யாணமே ஆகாத தங்கச்சி இதைப் படித்தால், தாலி ஏறிய மாசத்திலேயே எடுத்துவிடு. இரண்டு வருஷக் காத்திருப்பு அப்போதுதான் பிள்ளைக்கு முன்னால் முடியும். ஏற்கெனவே ஏழாம் மாசம் என்றால் பிரசவத்துக்குப் புதுப் பாலிசி பயன்படாது. "இப்ப எடுத்தாலும் கிடைக்கும்" என்று சொல்கிற ஏஜென்ட்டிடம் அந்த வரியைப் பாலிசியில் காட்டச் சொல். காட்ட முடியாவிட்டால் எழுந்து வந்துவிடு. ஆனாலும் பாலிசி எடுத்து வைப்பதில் அர்த்தம் உண்டு: 91-வது நாள் பிள்ளையைச் சேர்க்க ஒரு வீடு வேண்டுமே! கைக்குழந்தைக்கு மட்டும் தனியாகப் பாலிசி கிடைப்பது அரிது. அம்மாவோ அப்பாவோ உள்ளே இருக்க வேண்டும். வீட்டுக்காரர் வெளிநாட்டிலேயே இருப்பார் என்றால், உன் பெயரில் எடு. அவர் கையெழுத்துக்காகப் பிள்ளை காத்திருக்கக் கூடாது.

2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப ஹெல்த் பாலிசிகளுக்கு ஜிஎஸ்டி கிடையாது. முன்பு 18 சதவீதம் கட்டினோம். "பிரீமியம் ஜாஸ்தி" என்று தள்ளிப்போட்ட வீடுகள் இப்போது மறுபடி கேட்டுப் பார்க்கலாம்.

எடுக்கும்போது இவற்றைக் கவனி. பிள்ளையை 91-வது நாளே சேர்ப்பார்களா, அல்லது அடுத்த ரெனியூவல் வரை காத்திருக்கச் சொல்வார்களா? கம்பெனிக்குக் கம்பெனி மாறும், சில மாதங்களின் வித்தியாசம் இது. அறை வாடகைக்கு உச்சவரம்பு இருக்கிறதா? 3 லட்ச ரூபாய் பாலிசியில் வாடகை ஒரு சதவீதம், தீவிர சிகிச்சைக்கு இரண்டு சதவீதம் என்று இருந்தால், நாளைக்கு 3,000, 6,000 ரூபாய்தான். அதைத் தாண்டிய அறையில் இருந்தால் வாடகையோடு நிற்காது, டாக்டர் பீஸ் போன்ற வேறு சில பில்களிலும் அதே விகிதத்தில் வெட்டு விழும். பிறவிக் குறைபாட்டுக்கு என்ன? இருதயத்தில் ஓட்டை போல உடம்புக்குள்ளே இருப்பதை ஒதுக்க அனுமதி இல்லை. உதடு பிளவு போல வெளியே தெரிவதைப் பல பாலிசிகள் ஒதுக்கிவிடும். உதடு பிளவுக்கு ஸ்மைல் டிரெயின் அமைப்போடு சேர்ந்த ஆஸ்பத்திரிகளில் ஆபரேஷன் இலவசம். அப்படி ஒரு பிள்ளை பிறந்தால் இன்சூரன்ஸோடு மல்லுக்கு நிற்காமல் நேரே அங்கே போ.

பாலிசி கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாள் வரை படித்துப் பார்த்துத் திருப்பிக் கொடுக்கலாம். தமிழில் விளக்கச் சொல்லிக் கேட்பதற்குக் கூச்சப்படாதே.

நான்காவது காரியம்தான் எனக்கு அன்று யாரும் சொல்லாதது.

அரசு ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டிப் போகாதே

வெளிநாட்டுச் சம்பாத்தியம் என்றாலே தனியார் ஆஸ்பத்திரிதான் கௌரவம் என்று நம் ஊரில் ஒரு நினைப்பு. என் மாமியார் வீட்டிலும் அதுதான். ஆனால் 2011 ஜூன் முதல் நாடு முழுக்க ஒரு திட்டம் இருக்கிறது: அரசு ஆஸ்பத்திரியில் பிரசவம், சிசேரியன் உட்பட, இலவசம். பிறந்த பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால் முதலில் 30 நாள் வரை இலவசம் என்று வைத்தார்கள், பிறகு ஒரு வயது வரை நீட்டினார்கள். மருந்து, பரிசோதனை, ரத்தம், போக்குவரத்து எல்லாம் அதில் சேரும். ரேஷன் கார்டு எந்த நிறம் என்றோ, வீட்டுக்காரர் எங்கே சம்பாதிக்கிறார் என்றோ இதற்குக் கேள்வி இல்லை. புதுக்கோட்டை நகரத்துக்குள் ராணியார் மகப்பேறு மருத்துவமனை இருக்கிறது. 2017-ல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இருக்கிறது. என் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிய அந்த ராத்திரி அரசு ஆஸ்பத்திரி எங்களுக்கு ஞாபகத்துக்கே வரவில்லை. கையில் பாலிசி இல்லாத 90 நாளுக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு எனக்குத் தெரியவில்லை. நீ தனியாரில் பெற்றாலும், அவசரம் என்றால் 108-க்குக் கூப்பிட்டு எங்கே போவது என்பதை முன்னாலேயே வீட்டில் பேசி வை.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் வேறு. குடும்பத்துக்கு வருஷம் 5 லட்ச ரூபாய் வரை, பிள்ளைகளின் இருதய ஆபரேஷன் உட்பட, அங்கீகரித்த தனியார் ஆஸ்பத்திரிகளிலும் செல்லும். இதற்கு வருமான வரம்பு உண்டு: ஆண்டுக்கு 1,20,000 ரூபாய். வெளிநாட்டில் கூலி வேலை பார்த்துக் கடனைக் கட்டிக்கொண்டிருக்கும் வீடுகள் எத்தனையோ. உங்கள் வருமானம் உண்மையிலேயே அதற்குள் என்றால், கிராம நிர்வாக அலுவலரிடம் சான்று வாங்கி இப்போதே பதிந்து வை. வரம்புக்கு மேலே என்றால் பொய்ச் சான்று வாங்காதே. பிள்ளை ரேஷன் கார்டில் ஏறவில்லை என்பதற்காகவே திரும்பி வரவும் வேண்டாம். பிறப்புச் சான்றோடு ஆஸ்பத்திரியில் இருக்கும் திட்டத்தின் கவுண்டரில் கேள், அல்லது 1800 425 3993 எண்ணுக்குப் போன் பண்ணு.

வந்து இறங்கிய வாரமே கிராம சுகாதார செவிலியரைப் பார்த்துக் கர்ப்பத்தைப் பதிந்து, அதற்கான பிக்மி எண் வாங்கு. அங்கே எடுத்த ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாவற்றையும் கொண்டுபோ. ஏழாம் மாசம் வருகிறவர்கள் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். தமிழ்நாட்டில் பிறப்புச் சான்றுக்கே அந்த எண் கேட்பார்கள். தகுதி இருக்கிறவர்களுக்கு 18,000 ரூபாய் மதிப்புள்ள மகப்பேறு உதவியும் அந்த எண் வழியாகத்தான். அதில் 4,000 ரூபாய்க்கு ஊட்டச்சத்துப் பெட்டகம். அந்தத் திட்டத்துக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயர். 1886-ல் நம் புதுக்கோட்டையில் பிறந்தவர். தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த அக்கா அவர், அந்தத் துக்கத்திலிருந்துதான் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை வந்தது. செவிலியர் வீட்டுக்கு நடந்து போகும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வரும்.

பெயர், இனிஷியல், பட்டை

கிளெய்ம்கள் சிக்குவது நோயால் அல்ல, பெயரால். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக இருக்கும். ஆதாரில் ஒரு எழுத்து இனிஷியல். ரேஷன் கார்டில் கல்யாணத்துக்குப் பிறகு மாறிய வீட்டுக்காரர் இனிஷியல். பாலிசியில் ஏஜென்ட் கேட்டபடி எழுதிய எழுத்துக்கூட்டு. பிள்ளைக்கோ இன்னும் பெயரே இல்லை. ஆஸ்பத்திரி பில் எல்லாம் 'பேபி ஆஃப்' என்று உன் பெயரில்தான் வரும். ஆகவே அட்மிஷன் போடும்போது உன் பாலிசியில் இருக்கிற எழுத்துக்கூட்டை அப்படியே எழுதச் சொல். பாலிசி நகலைக் கவுண்டரில் நீட்டிவிடு, வாயால் சொல்லாதே. பிள்ளை கையில் கட்டும் பட்டையையும் படித்துப் பார். அதில் இருப்பதுதான் டிஸ்சார்ஜ் சம்மரியில் ஏறும், அதுதான் பிறப்புச் சான்றுக்கும் போகும். அந்தப் பட்டையைத் தூக்கிப் போடாமல் பத்திரப்படுத்து. என் மகனுடையது இன்னும் என் பீரோவில் இருக்கிறது.

பிறப்பு 21 நாளுக்குள் பதிவாக வேண்டும். ஆஸ்பத்திரியில் பிறந்தால் அவர்களே அனுப்பிவிடுவார்கள், போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பது உன் வேலை. ஜாதகம் பார்த்துப் பெயர் வைக்கிற வரை காத்திருக்க வேண்டியதில்லை. பெயர் இல்லாமலே பதிந்து, 12 மாதத்துக்குள் கட்டணம் இல்லாமல் பெயர் சேர்க்கலாம். ஆனால் பெயர் இல்லாத சான்றை வைத்துப் பாஸ்போர்ட்டும் நடக்காது, பாலிசியிலும் இழுத்தடிக்கும். திரும்பிப் போகிற அவசரம் இருந்தால் முப்பதாம் நாளுக்குள் பெயரை முடிவு பண்ணிவிடு. 2023 அக்டோபர் முதல் தேதிக்குப் பிறகு பிறந்த பிள்ளைக்குப் பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் அந்தச் சான்று ஒன்றே ஆதாரம். எழுத்துப்பிழை இருந்தால் அந்த வாரமே திருத்து.

பிள்ளைக்குப் பாஸ்போர்ட் எடுக்க நம் மாவட்டத்துக்குத் திருச்சி மண்டல அலுவலகம். அப்பா வெளிநாட்டில் இருந்தால் அவர் சம்மதம் எழுத்தில் வேண்டும், அங்குள்ள தூதரகத்தில் அதற்குச் சான்றொப்பம் கேட்கலாம். அவர் லீவில் வந்திருக்கும்போதே கையெழுத்துகளை முடித்துக்கொள். பாஸ்போர்ட், விசா, அங்கே இன்சூரன்ஸ் என்று வரிசையாக முடிய மாதங்கள் ஓடும். அதுவரை பிள்ளை இங்கே என்றால் 91-வது நாள் இங்கேயும் சேர்த்துவிடு. "இன்னும் ரெண்டு மாசத்துல போயிடுவோமே" என்று விடாதே. விசா நாம் நினைக்கிற தேதிக்கு வராது.

சேர்க்கும் படிவத்தில் பிள்ளை பெட்டியில் இருந்ததை, எடை குறைவை, மஞ்சள்காமாலையை எல்லாம் எழுது. மறைத்தால் பின்னால் அதையே காரணம் காட்டி மறுப்பார்கள். எழுதினால், அதிகபட்சம் 3 வருஷம் காத்திருக்கச் சொல்லலாம், அதற்கு மேல் முடியாது. தொடர்ந்து 5 வருஷம் கட்டிவிட்டால், மோசடி என்று நிரூபித்தால் ஒழிய, அதைச் சொல்லிக் கிளெய்மை மறுக்க முடியாது. 2024-ல் வந்த விதி இது.

அப்பா, அம்மா இருவருமே வேறு நாட்டுக் குடிமக்கள் ஆகிவிட்டிருந்து, பூர்வீகம் பொன்னமராவதி, திருமயம் என்று இங்கே வந்து பெற்றால், பிள்ளைக்கு இந்தியக் குடியுரிமை கிடைக்காது. அவர்கள் நாட்டுத் தூதரகத்தில் பதிந்து பாஸ்போர்ட் வாங்கி, வெளியே போக வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்தில் அனுமதியும் வாங்க வேண்டும். சிங்கப்பூர், மலேசியா இரண்டுக்கும் சென்னையில் தூதரக அலுவலகம் உண்டு. அந்தக் காத்திருப்பு வாரங்களில் பிள்ளைக்குச் செலவு வந்தால் கைக்காசுதான் என்று கணக்குப் போட்டே வாருங்கள்.

அட்மிஷன் போட்ட பிறகு

கேஷ்லெஸ் அனுமதிக்கு இப்போது ஒரு மணி நேரம், டிஸ்சார்ஜுக்கு மூன்று மணி நேரம் என்று இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ கெடு வைத்திருக்கிறது. டெஸ்க்கில் "அனுப்பியாச்சு, வரல" என்றால் எத்தனை மணிக்கு அனுப்பினார்கள் என்று கேட்டு எழுதிக்கொள். பிள்ளை பெட்டியில் இருக்கும்போது இதற்கெல்லாம் உனக்குத் தெம்பு இருக்காது. தம்பியோ கொழுந்தனோ ஒருவரை இதற்கென்றே நியமித்துவிடு. அவர் போனில் பாலிசி நகல் இருக்கட்டும். மருந்துக் கடைச் சீட்டு ஒவ்வொன்றுக்கும் டாக்டர் எழுதிய சீட்டு சேர்ந்து இருக்க வேண்டும். தனித்தனியாக இருந்தால் கழித்துவிடுவார்கள். எல்லாத் தாளையும் அன்றன்றைக்குப் போனில் படம் எடு, பில்லில் மை சீக்கிரம் மங்கிவிடும்.

மறுத்தால் காரணத்தை எழுத்தில் வாங்கு. முதலில் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுது. ஒரு மாதத்தில் சரியான பதில் இல்லை என்றால் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன் இருக்கிறார். தமிழ்நாட்டுக்குச் சென்னையில். ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும், வக்கீல் வேண்டாம், கட்டணம் இல்லை, 50 லட்ச ரூபாய் வரை கேட்கலாம். 155255 என்ற எண்ணிலும் ஐஆர்டிஏஐக்குச் சொல்லலாம். அன்று எனக்கு இது எதுவும் தெரியாது. என்னுடையது காத்திருப்பு முடியாத கேஸ், போயிருந்தாலும் ஜெயித்திருக்க மாட்டேன். ஆனால் சரியான கிளெய்மை மறுத்துவிட்டார்கள் என்று அழுதுவிட்டு அப்படியே விட்ட பெண்கள் நம் தெருவிலேயே இரண்டு பேர்.

சித்தி மகளிடம் மூன்று படம் அனுப்பச் சொல்லியிருக்கிறேன்: துபாய் கார்டின் பின்பக்கம், பாலிசியின் 'எல்லை' பக்கம், அவள் பாஸ்போர்ட்டின் முதல் பக்கம். நேற்று இரண்டு வந்துவிட்டன. அவள் இறங்குகிற அன்று காலையில் பிக்மிக்கு நானே கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறேன். மஞ்சப்பை ஒன்றில் எல்லா நகலும் போட்டு அவள் அறைக் கதவுக்குப் பின்னால் மாட்டிவிட்டேன். ராத்திரி எத்தனை மணிக்கு வலி எடுத்தாலும் வீட்டில் யார் கைக்கும் அது எட்டும்.